சிவப்பு வேண்டாம் என்ற அக்கா

பழங்காநத்தத்தில் ஒரு பால் கம்பெனி அலுவலகம். பில், ஸ்டாக், பேக்கப் என்று இரவில் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் வேலைகளில் எது முடிந்தது, எது நின்றது என்று தினமும் காலையில் எக்ஸெல் ரிப்போர்ட் தானே தயாராக வேண்டும். அதற்குப் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதுவரை அந்த ரிப்போர்ட்டைக் கையால் தட்டிக்கொண்டிருந்தவர் ஓர் அக்கா. நல்ல உயரம், பெரிய சிரிப்பு, ஆண்கள் கட்டும் பட்டை வாட்ச். ஃபைல் திறக்க நேரமானால் திரையைப் பார்த்து, "வா ராசா, வா" என்று கொஞ்சுவார்.

மாதிரி ரிப்போர்ட்டைக் காட்டினேன். முடிந்த வேலைக்குப் பச்சை, நின்றதற்குச் சிவப்பு.

"தம்பி, சிவப்பு மட்டும் வேணாம்" என்றார்.

"ஏன்க்கா?"

"நானும் இத்தனை நாளா சிவப்புதான் போட்டேன். அதைப் பார்த்தா மேனேஜர் நைட் ஷிஃப்ட் பயலுகளை நிக்கவச்சுக் கத்துறாரு. போன வாரம் ஒருத்தன் வேலையே வேணாம்னு கிளம்பிட்டான். அம்புட்டுக்கும் கரண்டு போனதுதான் காரணம். மஞ்சளாப் போடுங்க."

"தப்பை மறைக்கிற மாதிரி ஆயிராதா?"

"எதுக்கு மறைக்கணும்? 'நின்னுருச்சு'ன்னு பெருசாவே எழுதுங்க. கலரை மட்டும்தான் சொல்றேன்."

ஒரே ஒரு வரியை மாற்றினேன். மறுநாள் மேனேஜர் ரிப்போர்ட்டைத் திறந்தார். நடுவில் ஒரு மஞ்சள் கட்டம். நானும் அக்காவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மூக்கைச் சொறிந்தபடி, "பேக்கப் நின்னுருக்கேம்மா, என்னன்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்த மனிதரின் கோபம் நிறத்தில்தான் இருந்ததா, அன்று அவருக்கு நல்ல நாளா, தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த ஊருக்கு ரிப்போர்ட் எழுதினாலும் சிவப்புப் போட எனக்குக் கை வருவதில்லை.