காவியில் போட்ட எண்

பெயிண்டர் என் வீட்டு வாசல் சுவரில் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியதும், அந்த ஈர வாசனையில் எனக்கு எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

நிலக்கரிச் சுரங்கத்துக்காக, கம்மாபுரம் பக்கம் நாற்பதே வீடுகள் இருந்த எங்கள் ஊரை எடுத்தபோது எனக்கு எட்டு வயது. இடிக்கப்போகும் வீடுகளுக்குக் காவியில் எண் போட்டிருந்தார்கள். பொங்கல் வந்ததும் அம்மா வழக்கம்போல வெள்ளையடித்தாள். எண் மறைந்துவிட்டது. மறுநாளே சர்வேயர் வந்து நின்றார்.

"நம்பர் இல்லாத வீட்டுக்கு மாத்து மனை கிடையாதும்மா."

"முப்பத்தேழுங்க. தெரியாம அடிச்சிட்டேங்க."

அவர் நோட்டை மூடினார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுப்புக்கரியை என் கையில் திணித்து, "எழுதுடி, சீக்கிரம்!" என்றாள். சுவரில் 37 என்று பெரிதாக எழுதினேன். சர்வேயர் தலையாட்டினார்.

அடுத்த மாதம், நான் எழுதிய அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டை இடித்தார்கள்.

"கதவு நம்பர் எழுதிடட்டுங்களாம்மா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"வேணாம்ப்பா," என்றேன்.