சகலையின் டர்போ

என் சகலை கார் வாங்கிய அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர் அவர், என்னைவிடச் சின்னவர், காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட். அவர் வாங்கியது, அதற்கு முந்தைய வருடம் நான் வாங்கிய அதே கார், அதே சாம்பல் நிறம். அவர் வண்டியின் பின்பக்கத்தில் மட்டும் 'டர்போ' என்று சின்னதாக வெள்ளி எழுத்தில் இருக்கும். என்னுடையதில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். ஷோரூமில் எனக்கும் டர்போவைக் காட்டத்தான் செய்தார்கள். "அம்பத்தூர் டிராஃபிக்ல செகண்ட் கியர் தாண்டுறதே பெரிய விஷயம், டர்போ எதுக்குங்க?" என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டுவிட்டு வந்தவன் நான்.

அந்த எழுத்துக்காக மட்டும் எரிந்திருந்தால் ஒரு மோர் குடித்து ஆற்றியிருப்பேன். எரிந்தது மாமனாருக்காக. அவர் ஆவடியில், ராணுவ டாங்கி எஞ்சின்களை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியது "சாப்டீங்களா மாப்ள", "மழை வரும் போல" இரண்டும்தான். எனக்கு அப்பா சீக்கிரமே போய்விட்டார். இந்த மனிதர் ஒருநாளாவது என் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை மனம்விட்டுப் பேசமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

சகலையின் வண்டி வந்ததும் மனுஷன் வாயைத் திறந்தார். பொங்கலன்று ஆவடி வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மாமனாரும் சின்ன மாப்பிள்ளையும் பேசினார்கள், பேசினார்கள், சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று அவர்களுடைய காலி காபி டம்ளர்களைக் கையில் வாங்கி வைத்திருந்தேன். மூத்த மாப்பிள்ளை என்ற பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அன்றைக்குப் பேசியதில்தான் ஒரு சோதனை யோசனை பிறந்தது. கம்பெனி கொடுத்த எஞ்சினில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல், கம்ப்யூட்டர் வழியாக டர்போ தள்ளும் காற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் எவ்வளவு சக்தி வரும், எந்த இடத்தில் எஞ்சின் கையை விரிக்கும் என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. "மாமாவ நான் கூட்டிட்டு வர்றேன்" என்று நானே ஒட்டிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அந்த எஞ்சின் உடைவதைப் பார்க்கத்தான் போனேன்.

ஒரு லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். தரையில் பதித்த உருளைகளின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி, வண்டியைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார்கள். எதிரில் ஆளுயர ஃபேன். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் நெடுஞ்சாலை வேகத்தில் சுற்றும், எவ்வளவு சக்தி என்று திரையில் ஒரு கோடு மேலே ஏறும். முதல் ஓட்டத்தில் கம்பெனி சொன்ன கணக்கு வந்தது. அப்புறம் காற்றைக் கூட்டக் கூட்ட கோடு உயர்ந்துகொண்டே போனது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவர் மாதிரி நின்றார்.

"மாமா, இன்னும் ஏத்தலாமா?" என்று சகலை கேட்டார். மாமாவிடம்தான் கேட்டார். நான் ஒருத்தன் நிற்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"சத்தம் சுத்தமா இருக்கு மாப்ள. ஏத்துங்க."

ஒர்க்‌ஷாப்காரர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னும் ஒரே ஒரு தபா சார். அதுக்கு மேல போனா உள்ள கீற ராடு வளைஞ்சிடும். அப்பால என்னாண்ட வந்து நிக்காதீங்க."

ஏற்றினார். எஞ்சின் அலறியது. கோடு பாதி ஏறியிருக்கும், பானெட் இடுக்கிலிருந்து பழுப்பாகப் புகை வந்தது. தொண்டையைக் கமறவைக்கும் நாற்றம். ஒர்க்‌ஷாப்காரர் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். சகலையின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்பார்கள். என் மூக்குக்கு ஒரு சேதமும் இல்லாமலே காரியம் நடந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம் தாங்கவில்லை. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் டர்போ பக்கமாக இடுக்கியை நுழைத்து, பாதி கருகிய ஒரு துணி முடிச்சை வெளியே இழுத்தார் ஒர்க்‌ஷாப்காரர். பிரித்துப் பார்த்தார். புகையிலை.

"இன்னா சார் இது? உங்க எஞ்சினுக்கு பீடி குடிக்கிற பழக்கம் கீதா?"

"எலி ஒயர கடிக்காம இருக்க கட்டினதுங்க" என்றார் சகலை. உயிர் திரும்பி வந்த குரல். "சகலதான் சொன்னாரு."

ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டுப் பக்கத்து அயனம்பாக்கம் ஏரிக்கரை எலிகள் என் காரின் ஒயரைக் கடித்துத் தின்றபின், பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைக்கும் வழியைக் கண்டுபிடித்தேன். கார் விஷயமாகச் சகலை என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே யோசனை அது. என் வண்டிக்கு டர்போ இல்லை, அத்தனை சூடும் இல்லை, அதனால் புகையிலை சமர்த்தாக இருந்தது. அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்தபின் அவர் தட்டிக்கொடுத்தது சகலையின் தோளை.

மறுபடி ஓட்டினார்கள். எஞ்சின் தாங்கியது. கம்பெனி கணக்கைவிட எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. "போதும் சார், இதான் எல்லை" என்று ஒர்க்‌ஷாப்காரர் நிறுத்திக்கொண்டார். திரைக்கு முன்னால் மாமனாரும் சகலையும் தோளில் கை போட்டு நின்றார்கள். ஃபோட்டோ எடுத்தது நான்.

கிளம்பும்போதுதான் என் அதிர்ஷ்டம் விழித்தது. "ரோட்டுல எப்படிப் போகுதுன்னு பாக்கலாம், ஏறுங்க மாமா" என்று சகலை கதவைத் திறந்து நின்றார். மாமனார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இன்னொரு நாள் வர்றேன். நான் பெரிய மாப்ள வண்டில போயிடுறேன்."

சகலையின் முகம் தொங்கியதைப் பார்த்தேன். காலையிலிருந்து எரிந்ததெல்லாம் ஒரு நொடியில் அணைந்தது. கதவைத் திறந்துவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொடுத்து, அவரை ராஜா மாதிரி உட்கார வைத்தேன். எஸ்டேட்டைத் தாண்டியதும், இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மாமா, டாங்கி எஞ்சினோட எல்லைய நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

திரும்பிப் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை. என் வண்டியில் ஏறினால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியும். பரவாயில்லை, என் பக்கத்தில்தானே தூங்குகிறார் என்று பள்ளங்களில் மெதுவாக இறக்கி ஏற்றினேன்.

திருமுல்லைவாயில் வந்ததும் அவர் போன் அடித்தது. துள்ளி எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க மாப்ள! வீடு போய்ச் சேந்துட்டீங்களா?" பிறகு சகலை கேட்காமலே ஆரம்பித்தார். டாங்கி எஞ்சினை எப்படிக் கட்டி வைப்பார்கள், முழு பாரத்தில் எப்படி விடிய விடிய ஓட்டுவார்கள், தாங்காது என்பதை எந்தச் சத்தத்தில் கண்டுபிடிப்பார் என்றெல்லாம். நான் கேட்டதற்கு முழுப் பதில், ஒன்று விடாமல், என் காருக்குள்ளேயே. நானும் ரோட்டைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்த ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணுங்க. அவர் பேசுறது கேக்கல."

கம்மி பண்ணினேன்.