எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது

கும்பிட்டால் கேட்டது கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இடது கையால் சாப்பிடுகிறார்.

அவர் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்காமல் வெடிமருந்து அறைக்குள் காலை வைக்க மாட்டார். அவ்வளவு பயம். எங்கள் சின்னக் காருக்கு டயர் மாற்றச் சொன்னால் மட்டும், "சீசன் முடியட்டும்" என்பார். நான்கும் மொட்டையாகிக் கிடந்தன.

போன ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டோம். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க நான் குனிந்தேன். டிரைவர் பக்கத்து முன் டயரின் உட்புறம் கம்பி தெரிந்தது. நின்று பார்த்தால் தெரியாத இடம்.

"என்னங்க, உள்ளாற கம்பி தெரியுது. இன்னைக்கு வண்டிய எடுக்காதீக."

"நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காத. பழம் வச்சாச்சுல்ல? எல்லாம் மாரியாத்தா பாத்துக்கிடுவா. ஏறு."

சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மகளைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். ஆனால் கோபம் அடங்கவில்லை. கண்ணை மூடி, "தாயே, என் மகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வேண்டினேன். அவர் பேரைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை.

கோவிலுக்குப் போகிற வழியில், திருத்தங்கல் தாண்டியதும் அந்த டயர் வெடித்தது. கார் வலப்பக்கம் இழுத்துப் போய்ப் புளியமரத்தில் மோதியது. பின்சீட்டில் இருந்த மகளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு நெற்றியில் இரண்டு தையல். அவருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. இந்தக் கையோடு மருந்து அறைக்குள் விட முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பழம் வச்சதாலதான் இம்புட்டோட போச்சு" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட, பழத்தைச் சாக்காக வைத்து என்னைக் குனிய வைத்தாளே, கம்பியைக் காட்டினாளே! நான் கேட்கும் முன்பே ஆத்தா கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொள்ளத் தெரியாமல் திரும்பவும் கையேந்தினேன்.

இப்போது நான்கும் புது டயர். கடையில் நானே நின்று, எந்த வருஷம் செய்தது என்று டயரில் பதித்த எண்ணைக் காட்டச் சொல்லி வாங்கினேன். வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் டார்ச்சோடு குனிந்து நான்கையும் பார்த்துவிடுவேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.

மகளைக் காத்துக் கொடுத்தாளே, அதற்கு ஆயுசுக்கும் அவள் காலடியில் கிடப்பேன். நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது, உங்களுக்கு யார் மேல் கோபமோ அவர் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை என்பது, இதைப் படிக்கும்போதுதான் அவருக்கே தெரியும்.