பாய்லருக்குப் போட்ட உப்பு

என் சித்தப்பா இண்டூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாங்காய்க் காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால் அவருக்கு மதியச் சோறு கொண்டுபோவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. வாய் திறந்து எதையும் கேட்கத் தெரியாத பிள்ளை. இன்றும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாய்லரில் கழற்றிய பழைய குழாய்த் துண்டு ஒன்றைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். அதன்மேல் விரல் கனத்துக்கு வெள்ளையாகக் கல் படிந்திருந்தது.

"தண்ணியில இருக்கற உப்புதான் சூட்டுல இப்படி ஒட்டுது. வுட்டா பாய்லரே வெடிச்சிரும்" என்றார்.

அப்படிச் சொன்னவரே ஒருநாள் பாய்லர் பக்கத்துத் தொட்டியில் கல்லுப்பைக் கூடை கூடையாகக் கொட்டிக் கலக்குவதைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம்தான் முதலாளி அவரை எல்லோர் எதிரிலும் திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். பாய்லர் வெடித்தால் சித்தப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமே என்று பயமாக இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் அவர் லாரிக்காரர்களோடு மரத்தடியில் சாப்பிடும்போது, மிச்சமிருந்த அரை மூட்டை உப்புக்குள் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உப்பெல்லாம் கரைந்து சாக்கடையில் ஓடியது. சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு, அவர் சாப்பிட்ட தூக்குப்போசியைக் கழுவினேன்.

சாப்பிட்டு வந்த சித்தப்பா வழக்கம்போல பாய்லருக்குப் போகும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினார். நுரை வரவில்லை. தொட்டியில் போட உப்பும் இல்லை. பாய்லரை நிறுத்திவிட்டார். வெட்டிவைத்த பழமெல்லாம் அப்படியே கிடந்தது. முதலாளி ஓடிவந்தார்.

"உப்பு மூட்டையக் காபந்து பண்ணத் தெரியல, இவனுக்கு பாய்லர் ஒண்ணுதான் கேடு."

சித்தப்பா நனைந்திருந்த என் பாவாடையைப் பார்த்தார். பிறகு, "நான்தாங்க ஓஸ் பைப்ப மூடாம வுட்டுட்டேன்" என்றார்.

சைக்கிளில் போய் உப்பு வாங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் பாய்லரை ஓடவைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார்.

"உப்பு போட்டா பாய்லர் வெடிக்கும்னு நீதான சித்தப்பா சொன்ன."

சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அங்க ஒரு டேங்குக்குள்ள ஜவ்வரிசியாட்டம் மணிங்க இருக்குது. கல்லா ஒட்டற உப்பை அதுங்க புடிச்சுக்கும். அதுங்க வயிறு ரொம்பிட்டா தண்ணியில சோப்பு நொரைக்காது. அப்ப இந்தக் கல்லுப்புத் தண்ணியால கழுவிச் சாக்கடையில வுட்டுருவோம். பாய்லருக்கு அது போவாது கண்ணு."

அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அடுத்த வாரம் சித்தப்பா பாய்லர் அறையில் இல்லை. லாரியிலிருந்து பழக்கூடை இறக்கிக்கொண்டிருந்தார். சூடு ஒத்துக்கொள்ளவில்லை, தானே கேட்டு மாறிக்கொண்டதாக வீட்டில் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் சட்டையில் கரி போய் மாம்பழ வாசனை வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு நல்ல வேலை கொடுத்துவிட்டார்கள் என்று, வாய் திறக்காத நான், அன்றைக்குத் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.