கடலுக்குக் காட்டிய முதுகு

அடுப்படியிலிருந்து செதில் சுரண்டும் சத்தம் கேட்டதும் துண்டுக்காரர் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். மீன்கள் முட்டையிடக் கரையோரம் திரளும் இந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் மீன் நுழையக் கூடாதே!

மனைவி கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பிளந்த வயிற்றிலிருந்து இரண்டு மஞ்சள் சினைப்பைகள் சரிந்து கிடந்தன. கூடையில் இருந்தவையும் வயிறு பெருத்தவைதான்.

"யாரு கொண்டாந்தது?"

"என் தம்பி. முன்னறையில இருக்கான். காலையிலேயே கத்தாதீங்க."

இருபத்தாறு வருஷமாகப் பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதே அவர் பிழைப்பு. தண்ணீருக்கடியில் மீன்கூட்டம் கருநிழலாய் நகர்ந்தால் சிவப்புத் துண்டை வீசுவார். படகுகள் அங்கே பாயும். ஆனால் சினைமீன்கள் கரையோரம் நெருக்கியடித்துச் சுற்றும் நாட்களில் மட்டும் துண்டு அசையாது. தன் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

முன்னறையில் படகோட்டி மைத்துனன் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"யாருடா உனக்கு இடம் சொன்னது?"

"நீங்கதான் மாமா! நீங்க முதுகைத் திருப்பினா கூட்டம் சேந்துடுச்சுன்னு அர்த்தம். நேரா உங்க முதுகுக்குப் பின்னாடி போய் வலையை விட்டேன்."

யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது அவருக்கு. காப்பாற்ற நினைத்த முதுகே காட்டிக்கொடுத்துவிட்டதா?

"பாதி தப்பி எங்கேயோ போயிடுச்சு. பாறையில ஏறி ஒரே ஒரு தடவை துண்டை வீசுங்க மாமா."

"பிள்ளைத்தாச்சியைத் துரத்தி அடிக்கச் சொல்றியா? அதுங்க முட்டை போடாம அடுத்த வருஷம் உன் வலையில என்னடா விழும், மண்ணா? இனிமே கடலைப் பாத்துதான் உக்காருவேன். பத்து நாளும் ஒரே மாதிரி. என் மூஞ்சியைப் பாத்து முடிஞ்சா கண்டுபிடி!"

"அக்கா, நீயாவது சொல்லேன்!"

அவள் பாதி அறுத்த மீனையும் சினையையும் கூடையில் போட்டு, முன்னறைக்குக் கொண்டுவந்து தம்பி கையில் திணித்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன; குரல் மட்டும் உடையவில்லை.

"தூக்கிட்டுக் கிளம்புடா."

அவன் முணுமுணுத்தபடி படியிறங்கினான். செதில் ஒட்டிய கையாலேயே அவள் கதவை அறைந்து சாத்தினாள்.