அப்பாதுரை சார் படித்துக் காட்டிய காகிதம்

அப்பாதுரை சாருடன் ஏழு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அவர் தலைமை ஆசிரியர், நான் இன்னொரு டீச்சர். வேறு யாரும் கிடையாது. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவே, உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் குடியிருப்பை ஒட்டியிருந்தது அந்தப் பள்ளி. முதல் மூன்று வகுப்புகள் எனக்கு. நான்கும் ஐந்தும் அவருக்கு.

வானூர் பக்கத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம் அவருடையது. மாடு ஓட்டும் சாட்டையைக் காட்டித்தான் அப்பா தன்னைப் படிக்க வைத்தார் என்று பெருமையாகச் சொல்வார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பதினாறாம் வாய்ப்பாடு தெரியாமல் ஒரு பிள்ளையும் அவரிடமிருந்து ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை. அவரிடம் படித்த இரண்டு பேர் போலீசில் இருந்தார்கள், ஒருத்தி நர்ஸ். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே, "கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சுடுங்க சார்" என்பார்கள் பெற்றோர்கள். சார் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பிரம்பு தேவைப்படவில்லை. ஏர் பிடித்த கை.

சின்னப்பாப்பா என்ற உப்பளக்காரியின் மகள் மலர்கொடி, முதல் மூன்று வருடம் என்னிடம்தான் படித்தாள். புருஷன் விட்டுப்போனபின் சின்னப்பாப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை. மலர்கொடி பேசுவது குறைவு, படிப்பது நன்றாக இருக்கும். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் பிசகாமல் படிப்பாள். சாரிடம் போனதும் அவளுக்கு அடி விழ ஆரம்பித்தது. நான் கரும்பலகைப் பக்கம் நின்று பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் நடத்துவேன். சார் அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே கேள்வி கேட்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் மலர்கொடி திரும்ப மாட்டாள்.

"திமிரப் பாத்தீங்களா, மேரி டீச்சர்?" என்பார் என்னிடம். அமைதியான பிள்ளைகளுக்குச் சில நேரம் பிடிவாதம் இருக்கும் என்று நானும் சொன்னேன்.

2005 பிப்ரவரியில் ஒரு மதியம். சுனாமிக்குப் பிறகு சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்த அந்த அறையில், எங்கள் வகுப்புகளைப் பிரித்த பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் சார் மூன்று முறை "மலர்கொடி, எழுந்திரு" என்றது கேட்டது. பிறகு ஓங்கி அறைந்த சத்தம். எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் சாய்ந்து கிடந்தாள். அழவில்லை. அடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் இடது காதிலிருந்து ரத்தமும் நீருமாக வடிந்தது. சின்னப்பாப்பா வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். குழந்தையில் வந்த அம்மையிலேயே வலது காது செத்துவிட்டது, இவ்வளவு நாள் இடது காதை வைத்தும் வாயசைவைப் பார்த்தும் சமாளித்திருக்கிறாள், இப்போது அதுவும் போயிற்று என்று அங்கே சொன்னார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்ட டாக்டரிடம் சின்னப்பாப்பா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். மார்ச்சில் விசாரணை வைத்தார்கள்.

முந்தின நாள் உப்பள மேஸ்திரி கொளஞ்சி பள்ளிக்கு வந்தான். பெற்றோர் சங்கத் தலைவனும் அவன்தான்.

"பொண்ணு வரப்புல வழுக்கி வுழுந்துச்சுன்னு எழுதிடுங்க சார். கைநாட்டு வாங்கறது என் பொறுப்பு."

"அதுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் சார்.

"அதத்தான் சார் சொல்றேன். உங்க மேல ஒரு தப்பும் கெடையாது. நீங்க போயிட்டா இந்த உப்புக்காட்டுக்கு வேற எவன் வருவான்?"

சார் என்னைப் பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். சார் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய காகிதம் மேஜையில் இருந்தது. சாட்சி என்று போட்டு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சின்னப்பாப்பா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கொளஞ்சி மைப்பெட்டியை நீட்டினான். அவள் அவனை நம்பவில்லை. சார் பக்கம் திரும்பினாள்.

"என்ன எழுதியிருக்குது சார்? நீங்க படிச்சுக் காட்டுங்க."

சார் காகிதத்தை எடுத்தார். கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"எனது மகள் மலர்கொடிக்குக் காது கேட்கும் மிஷின் கொடுத்து உதவுமாறு அரசாங்கத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

சின்னப்பாப்பா இரண்டு கையையும் குவித்து அவரைக் கும்பிட்டாள். பிறகு கட்டை விரலை மையில் அழுத்தி ஒற்றினாள். காகிதம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. மலர்கொடி பக்கத்தில் வந்து முதல் சொல்லின் கீழே விரலை வைத்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அறை அதிரப் படித்தாள்.

"உப்பள… வரப்பில்… வழுக்கி… விழுந்ததால்… காது… அடிபட்டது. ஆசிரியர்… யாரும்… அடிக்கவில்லை."

சின்னப்பாப்பா கட்டை விரலை மையோடு அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அது ஏதோ பழைய பாடத்தப் படிக்குது" என்றான் கொளஞ்சி. அதிகாரி, மலர்கொடியின் விரலுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவி ஃபைலில் வைத்தார்.

சின்னப்பாப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். மறுநாளும் கொளஞ்சியின் உப்புப் பாத்தியில்தானே வேலைக்கு நிற்க வேண்டும். ஏப்ரலில் மலர்கொடியும் அவளோடு உப்பு வாரப் போனாள்.

அதற்குப் பிறகு சார் யாரையும் அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளைகள் இரண்டே மாதத்தில் அதைப் புரிந்துகொண்டன. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடின. வாய்ப்பாடு போயிற்று. பெற்றோர்கள் கூடி வந்தார்கள். "ஒரு பொண்ணுக்காக எங்க புள்ளைங்கள ஏன் சார் வீணாக்கறீங்க?" என்று கொளஞ்சி கேட்டான். ராஜ்கமல் என்ற பையனின் அப்பா, மகனை இழுத்து சார் முன்னால் நிறுத்தி, கன்னத்தில் பளாரென்று விட்டான்.

"இப்படி சார். இப்படி அடிக்கணும். மறந்துட்டீங்களா?"

சார் வெளியே போய் வாந்தி எடுத்தார். அந்த வருடம் ஒன்பது பிள்ளைகள் வேன் வருகிற இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட்டன.

2006 ஜனவரியில் அவர் நடந்தது அத்தனையும் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"முடிஞ்ச கேஸைக் கிளறாதீங்கன்னு அந்த அதிகாரி சொல்றான். கிளறினா சாட்சி போட்ட டீச்சருக்கும் வேலை போயிடுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை. "எனக்காக வேணாம் சார், என் பசங்கள நெனச்சுப் பாருங்க" என்று அழுதேன். அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை உப்பளத்துக்குப் போகிறேன், துணைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். மறுக்க முடியவில்லை. வெள்ளை வெயிலில் முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சின்னப்பாப்பா வரப்பில் நின்றாள்.

"அன்னைக்கு நான் பொய் படிச்சேன், சின்னப்பாப்பா."

"தெரியும் சார். என் பொண்ணு சரியாத்தான் படிச்சுது" என்றாள் அவள். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க."

மலர்கொடி கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கால் விரல்களின் இடுக்கெல்லாம் புண். சாரைக் கண்டதும் நின்றாள். அவர் அவள் முன்னால் போய், உதட்டை நன்றாக அசைத்து, முப்பது பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"நான்தான் அடிச்சேன். நான்தான் பொய் எழுதினேன். மன்னிச்சுக்கோம்மா."

சொல்லிவிட்டுக் கும்பிடுவதற்காகக் கைகளைத் தூக்கினார். அவள் கூடையைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாத்திக்குள் குந்திவிட்டாள். உடம்பு உதறியது. சார் தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"போங்க சார்" என்றாள் சின்னப்பாப்பா, மகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. "பாத்தி கலங்குது. மேஸ்திரி பாத்தா எங்களத்தான் திட்டுவான்."

அதன்பிறகு அவர் என்னிடம் பள்ளி வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஜூனில் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வானூர் பக்கம் போய்விட்டார். வழியனுப்ப ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் தலைமை ஆசிரியை ஆனேன்.

மலர்கொடி உப்பளத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் பேச வேண்டுமானால் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நான் இன்னும் போய் நிற்கவில்லை.