‘மருந்து எதுவும் இல்லை’

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பிக்குச் சரக்குக் கப்பல் ஒன்றில் இளநிலைப் பொறியாளர் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் தூத்துக்குடியில் மருத்துவப் பரிசோதனை. சிறுநீரில் போதைப்பொருள் தேடுவதும் அதில் அடக்கம். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் ஐயங்கள் எல்லாம் என்னிடமே வரும். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

படிவத்தில், அண்மையில் உட்கொண்ட மருந்துகளைக் குறிப்பிட ஒரு கட்டம் இருந்தது. டவுண் டாக்டர் எழுதித்தந்த இருமல் சிரப்பை ஒரு வாரமாகக் குடித்துவந்தவன், அதை எழுதலாமா என்று கேட்டான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் தலை நிமிரவில்லை.

“ஏலே, இருமல்னு எழுதுனா நெஞ்சுல என்னமோ இருக்குன்னு படம் எடுக்கச் சொல்லுவாவ. டானிக்கெல்லாம் மருந்துல சேராது. எதுவும் இல்லைன்னு எழுது.”

எழுதினான்.

நான்காம் நாள் தகவல் வந்தது: ஓபியேட் பாசிட்டிவ். அம்மா அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். அபினியின் வகை என்றேன். அவள் கொடிக்குப் போய் அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். நான் சிரப் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். கோடீன் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது; அதுவும் அபினி வகைதான். கோடீனில் ஒரு பகுதியை உடல் மார்பினாக மாற்றிக்கொள்ளும் என்று முந்தைய வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன். அந்தக் கோடீன் எங்கள் அலமாரியிலும் குடியிருக்கக்கூடும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு இருவரும் தூத்துக்குடிக்குப் போனோம். பரிசோதனை மையத்தின் மருத்துவர் நரைத்த மீசைக்காரர், பொறுமையாக விளக்கினார். முதல் சோதனை மார்பினின் சாயலுள்ள எதையும் பிடித்துவிடும். அது இருமல் மருந்தா, தெருவில் விற்கும் சரக்கா என்று அதற்குத் தெரியாது. மெட்ராஸிலுள்ள இயந்திரம் ஒவ்வொன்றையும் பிரித்து எடை பார்த்துச் சொல்லும். அந்த முடிவு வரப் பத்து நாள் ஆகும். மாதக் கடைசி வரைதான் கம்பெனி இடத்தை வைத்திருக்கும்; பிறகு அடுத்த ஆளை அழைத்துவிடும்.

அந்தப் பத்து நாளும் தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது மட்டும், “பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக் குடு, அக்கா” என்பான்.

முடிவு பாதி நல்லதாக வந்தது. கோடீன் நிறைய, மார்பின் கொஞ்சம், ஹெராயினின் அடையாளம் எதுவுமில்லை. ஆனால் கோடீனின் அளவுதான் மருத்துவரை உறுத்தியது. சீட்டில் இருந்ததோ வேளைக்கு இரண்டு ஸ்பூன். இது போதைக்காகப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவனின் கணக்குப்போல இருக்கிறது என்றார்.

“எத்தனை ஸ்பூன் குடிச்சீரு வே?”

“ஸ்பூன்ல குடிக்கல, சார்.”

“பின்னே?”

“அண்ணாந்துதான்.”

அம்மாவுக்கும் அதே இருமல். இருவருக்கும் ஒரே பாட்டில்; தீர்ந்ததும் அடுத்தது வரும். ஸ்பூன் வாயில் பட்டால் எச்சில், பாட்டில் பட்டாலும் எச்சில். ஆகவே எங்கள் வீட்டில் தண்ணீரை எப்படிக் குடிப்போமோ அப்படியே மருந்தையும் குடித்தார்கள். நானும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மருத்துவர் ஒரு காலி மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். தம்பி தலையைச் சாய்த்து, வழக்கம்போல உதடு படாமல் ஊற்றிக்கொண்டான். அவன் தொண்டை மூன்று முறை ஏறி இறங்கியது. பாட்டிலில் குறைந்திருந்ததை அவர் அளவுக் குவளையால் நிரப்பிப் பார்த்தார். பத்து ஸ்பூனுக்குக் குறையவில்லை.

அவர் சிரிக்கவில்லை, மீசை மட்டும் லேசாக அசைந்தது. ஒரு வாரம் எந்த மருந்தையும் தொடாமல் மறுபடி மாதிரி தரவேண்டும், அதுவரை இடத்தை வைத்திருக்கும்படி கம்பெனிக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா என்ன வேலை பாக்காவ?”

நான் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டான்: “வீட்டுலதான் இருக்காவ, சார்.”

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான். இரண்டாவது மாதிரியில் ஒன்றும் இல்லை. கப்பலேறிய பிறகு அவனிடமிருந்து வந்த முதல் கடிதத்தில், ஜலதோஷம் பிடித்திருப்பதாகவும், என்ன மாத்திரை போடலாம் என்று கப்பலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டதாகவும், ஆகவே நான் சிரமப்பட்டு யோசிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தான்.